இடப்பக்கத்து ஸ்கிரீன்

மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று சின்ன வயதிலேயே அவளுக்கு மூக்கி என்று பேர் வைத்துவிட்டார்கள். வைத்தவர்கள் பாதிதான் சரியாகக் கணித்தார்கள். கோபம் வருவதைப் பார்த்தார்கள், அது போகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. போகவே போகாது. பள்ளிக்கூடத்தில் இவள் பென்சில் பெட்டியை உடைத்துவிட்டு "நான் இல்ல" என்று டீச்சரிடம் சாதித்த ஒருத்தி, பல வருஷம் கழித்துத் தன் கல்யாணத்துக்கு ஆசையாகக் கூப்பிட்டாள். மூக்கியும் போனாள். மேடையேறிப் பரிசைக் கொடுத்து, கைகுலுக்கி, கேமரா பக்கம் சிரித்துக்கொண்டே மணப்பெண் காதில், "அந்தப் பெட்டியை உடைச்சது நீதானே?" என்று கேட்டாள். "ஆமாடி" என்று அவள் ஒப்புக்கொண்ட பிறகுதான் பந்தியில் போய் உட்கார்ந்தாள்.

இப்படிப்பட்டவளிடம் போய் வாலாட்டலாமா? அண்ணன் ஆட்டினான்.

அண்ணன் இசையமைப்பாளர். வீட்டு மாடியில் ரெண்டு அறை. தெருவைப் பார்த்த முன்னறை அவனுக்கு. சோபா, கீபோர்டு, சுவரில் தொங்குகிற கிடார், வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ள வசதியாக மஞ்சள் விளக்கு. பின்னறை மூக்கிக்கு. சுவரெல்லாம் பஞ்சு அட்டை, ரெண்டு ஸ்பீக்கர், ஒரு லேப்டாப், அதோடு இணைத்த ரெண்டு ஸ்கிரீன், முதுகு சாய்க்க ஒரு நாற்காலி, அவ்வளவுதான். மெட்டுப் போடுவது அண்ணன் வேலை. பாடினது, அடித்தது, மீட்டினது எல்லாம் தனித்தனி டிராக்காக வந்து குவிந்த பிறகு, அதை மனுஷன் காது கேட்கிற பாட்டாக ஆக்குவது மூக்கி வேலை. அதற்குத்தான் மிக்ஸிங் என்று பேர். வெறும் காய்கறிக் கூடையைக் காட்டி இதுதான் குழம்பு என்று சொல்ல முடியாது இல்லையா, அது மாதிரி.

இந்த வேலையில் பெரிய இம்சை ஒன்று உண்டு. ஒரு பாட்டில் நூறு டிராக் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் நாலைந்து பிளகின், அதாவது சத்தத்தைத் திருத்துகிற குட்டிக் கருவி, ஏற்றியிருக்கும். ஒன்று குரலின் கரகரப்பை எடுக்கும், ஒன்று ஏறி இறங்குகிற சத்தத்தை மட்டப்படுத்தும், ஒன்று எதிரொலி கொடுக்கும். ஒவ்வொரு பிளகினும் திறந்தால் தனக்கென்று ஒரு சின்ன விண்டோவை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து மறைத்துக்கொள்ளும். வேண்டியதைத் தேடிப் பிடிப்பதற்குள் காதில் பிடித்து வைத்திருந்தது நழுவிப் போயிருக்கும்.

அதனால் மூக்கி ஒரு சட்டம் வைத்திருந்தாள். வலப்பக்கத்து ஸ்கிரீனில் டிராக் மட்டும். இடப்பக்கத்து ஸ்கிரீனில் விண்டோ மட்டும். குரல் சம்பந்தப்பட்டது மேல் வரிசை, தாளம் கீழ் வரிசை, எதிரொலி ஓரத்தில். ஒவ்வொரு விண்டோவின் தலையிலும் இருக்கிற ஊசிப் பொத்தானை அழுத்தி அங்கேயே குத்தி நிறுத்திவிடுவாள். இல்லையென்றால் அடுத்ததைத் திறந்ததும் முன்னது காணாமல் போகும். அடுக்கி முடித்ததும் அந்த அடுக்கை அப்படியே ஒரு எண்ணில் சேமித்து வைப்பாள். ஒன்றைத் தட்டினால் குரல் விண்டோக்கள் வரிசையாக வந்து நிற்கும், ரெண்டைத் தட்டினால் தாளம், மூன்றுக்கு எதிரொலி. எந்தக் குமிழ் எங்கே இருக்கிறது என்று அவள் கண் தேட வேண்டியதில்லை, கை தானாகப் போகும்.

அண்ணனுக்கு இந்த விண்டோக் கூட்டம் ஆகவே ஆகாது. யாராவது பெரிய மனுஷன் வந்தால் பின்னறைக்குக் கூட்டி வருவான். வந்ததும் மூக்கியின் தோளுக்கு மேல் கையை நீட்டி, எல்லா விண்டோவையும் ஒரே அடியில் மறைக்கிற பொத்தானைத் தட்டுவான். "சுத்தமா இருக்கட்டும் மூக்கி. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்பான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். விருந்தாளி முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். அந்தப் பாட்டு விஷயம்தான் விட முடியாதது.

பாடகிக்கு அன்றைக்கு ஜலதோஷம். மறுநாள் வேறு ஊருக்குக் கிளம்புகிறாள், வேறு தேதி இல்லை. மூக்கடைத்த குரலில் பாடிவிட்டுப் போய்விட்டாள். அண்ணன் கேட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "இதை வச்சு என்னத்தைப் பண்றது, வேற யாரையாவது பாட வைக்கலாம்" என்றான். மூக்கிதான், "ஒரு வாரம் என்னைத் தொந்தரவு பண்ணாத" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அடைத்துக்கொண்டிருந்த குரலை வார்த்தை வார்த்தையாகத் திறந்தாள். மூச்சு வாங்குகிற சத்தத்தை எல்லோரும் வெட்டித் தூக்கி எறிவார்கள். இவள் ரெண்டாவது சரணத்தில் ஒரே ஒரு மூச்சை மட்டும் விட்டுவைத்து, அதைக் கொஞ்சம் உயர்த்தியும் வைத்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு பாடுகிற மாதிரி அது வந்து விழுந்தது. பாட்டு வெளியானதும் பஸ்ஸில், கடையில், பக்கத்து வீட்டுக் குளியலறையில் என்று எங்கே பார்த்தாலும் அதுதான். எல்லோரும் அந்த மூச்சைப் பற்றித்தான் பேசினார்கள்.

பாட்டுக்குக் கீழே பேர் போட்டிருந்தது. இசை, அண்ணன். மிக்ஸிங், அதுவும் அண்ணன்.

மூக்கி நேராகப் போய்க் கேட்டாள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரே வீட்டுக்குள்ள உன் பேரு என் பேருன்னு என்ன இருக்கு? கம்பெனிக்காரங்களுக்கு ஒரே பேரா இருந்தா சுலபம்" என்றான். ஒரே வீடு என்றால் இவள் பேரையே ரெண்டு இடத்திலும் போட்டிருக்கலாமே. அது அவனுக்குத் தோன்றுமா என்ன? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறு மட்டும்தான் தெரியும்.

அண்ணிதான் அன்றைக்கு அவனைப் பிடித்து உலுக்கி எடுத்தாள். மூக்கிக்கு இந்த வீட்டில் ஒரு துணை என்றால் அது அண்ணிதான். "அவ ராப்பகலா உக்காந்து செஞ்சதுக்கு நீங்க எப்படி பேர் போட்டுக்கலாம்? நாளைக்கு நம்ம பொண்ணுக்கு யாராவது இப்படிச் செஞ்சா சும்மா இருப்பீங்களா?" என்று சண்டை போட்டாள். ஒரு வாரம் புருஷனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் அசையவில்லை.

அதற்கப்புறம் வந்தது அந்தப் பேட்டி. அண்ணியும் மூக்கியும் சாப்பாட்டு மேஜையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பேட்டி எடுத்த பெண் கேட்டாள், "உங்க தங்கச்சியும் ஸ்டூடியோவுலதான் இருக்காங்களாமே சார்?"

அண்ணன் வாய் நிறையச் சிரித்தான். "ஆமாமா. ஒயரு, ஏசி, லைட்டு எல்லாம் அவ டிபார்ட்மென்ட். அவ இல்லன்னா எனக்கு சார்ஜர்கூடக் கிடைக்காது."

அண்ணி சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தாள். மூக்கி தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள், மாடிக்குப் போய்ப் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை. அவன் எந்த வாயால் சிரித்தானோ அந்த வாய் அத்தனை பேர் முன்னால் மூடிக்கொள்வதைப் பார்க்க வேண்டும், அது மட்டும்தான் வேண்டியிருந்தது.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஒரு பெரிய சினிமா நிறுவனம், தங்கள் படங்களுக்கெல்லாம் மிக்ஸிங் பார்க்கத் தலைமைப் பொறுப்புக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்தில் ஒலிப் பிரிவை நடத்துகிற மேடம் பாட்டைக் கேட்டிருக்கிறாள். மிக்ஸ் செய்தவர் ஒரு இசைக் கல்லூரி அரங்கில் மாணவர்கள் முன்னால் பாட்டைத் திறந்து காட்டட்டும், நானும் வந்து உட்கார்ந்து பார்க்கிறேன், பிடித்திருந்தால் அங்கேயே பேசி முடிக்கலாம் என்று சொல்லி அனுப்பினாள். அண்ணன் தலைகால் புரியாமல் பின்னறைக்கு ஓடி வந்தான்.

"காட்டிட்டாப் போச்சு. நீ எனக்குச் சொல்லிக் குடு, எதைத் தட்டினா எது வரும்னு. இது மட்டும் கிடைச்சுட்டா வருஷக்கணக்குல நமக்குக் கவலையே இல்ல மூக்கி. வேலை நீ பாரு, பேரு நான் பாத்துக்கறேன்."

வேலை நீ பாரு, பேரு நான் பாத்துக்கறேன். சொன்னவனுக்கு அது உறைக்கக்கூட இல்லை. ஆனால் மூக்கிக்குத் தெளிவாகப் புரிந்தது. இது நடந்துவிட்டால் சாகிறவரைக்கும் இந்தப் பஞ்சு அட்டைக்கு நடுவில்தான் உட்கார வேண்டும், ஒரு பாட்டில்கூடத் தன் பேர் வராது.

"சரிண்ணா" என்றாள்.

அந்தச் "சரிண்ணா"வைக் கேட்டு அவன் பயந்திருக்க வேண்டும். கூடப் பிறந்தவன்தானே, தெரிந்திருக்க வேண்டாமா? தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

பாடம் நடந்தது. ஒன்றைத் தட்டு அண்ணா, குரல் வரும். ரெண்டைத் தட்டு, தாளம் வரும். இந்த விண்டோவைக் காட்டி இப்படிச் சொல்லு. தேன் தடவின குரலில் சொல்லிக் கொடுத்தாள். அவனும் கிளிப்பிள்ளையாகப் படித்தான். "இங்கதான் நான் குரலோட அடைப்பை எடுத்தேன்" என்று முகத்தை வைத்துக்கொண்டு பழகினான். எண்ணைத் தட்டுவான், இடப்பக்கத்து ஸ்கிரீனில் விண்டோக்கள் வரிசையாக வந்து நிற்கும், அவனுக்கே புல்லரித்துப் போகும். ரெண்டு ஸ்கிரீனுக்கு முன்னால் உட்கார்ந்துதான் படித்தான். அதை மட்டும் அவள் அவனுக்கு நினைவுபடுத்தவில்லை.

ஏனென்றால் அவள் மிக்ஸிங் செய்கிற மென்பொருளுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. விண்டோவை எந்த ஸ்கிரீனில் விட்டோமோ அங்கேயேதான் போய்த் திறக்கும். அந்த ஸ்கிரீன் அங்கே இருக்கிறதா, கழற்றிவிட்டார்களா என்று திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு தடவை லேப்டாப்பை மட்டும் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது மூக்கியே இதில் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறாள். பிளகினைத் தட்டினால் திறந்தது என்று பச்சை விளக்கு எரிகிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் வீட்டில் இருக்கிற இடப்பக்கத்து ஸ்கிரீன் இருக்க வேண்டிய வெற்றிடத்தில் திறந்துகொண்டிருந்தன. அரை நாள் திண்டாடி, கடைசியில் மெனுவின் அடியில் ஒரு வரி கண்ணில் பட்டது. எல்லா விண்டோவையும் இந்த ஸ்கிரீனுக்குக் கொண்டு வா. அதை ஒரு தட்டுத் தட்டினால் தீர்ந்தது.

அரங்கத்துக்குப் போன் போட்டாள். "சார், மேடையில எத்தனை ஸ்கிரீன் வரும்?"

"ஒண்ணுதாம்மா, ரொம்பப் பெருசு. லேப்டாப்புல தெரியறது அப்படியே அதுல தெரியும்."

"ரொம்ப சந்தோஷம் சார்."

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்குடி இவ்வளவு சந்தோஷம்?"

"அண்ணன் நல்லாப் பண்ணணும்ல அண்ணி" என்றாள் மூக்கி, முகம் மாறாமல்.

அன்றைக்குக் காலையில் அரங்கம் நிரம்பி வழிந்தது. நிறுவனத்து மேடம் முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது வரிசையில் மூக்கியும் அண்ணியும். அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தான். வணக்கம் சொல்லி, ரெண்டு ஜோக் அடித்து, கைதட்டு வாங்கி, "முதல்ல குரல்" என்று ஒன்றைத் தட்டினான்.

பெரிய திரையில் டிராக்குகள் இருந்தன. வேறொன்றும் வரவில்லை.

மறுபடி தட்டினான். ரெண்டைத் தட்டினான். மூன்றைத் தட்டினான். நேரடியாகப் பிளகின் பேர் மேலேயே போய்த் தட்டினான், பச்சை விளக்கு எரிந்தது, விண்டோ வரவில்லை. மறுபடி தட்டினான், விளக்கு அணைந்தது. "ஒரு நிமிஷம்" என்று லேப்டாப்பை அணைத்துப் போட்டான். திரும்ப வரும்வரைக்கும் மெட்டு எப்படிக் குளிக்கும்போது தோன்றியது என்று ஒரு கதை சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. லேப்டாப் வந்தது, விண்டோ வரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பின் வரிசையில் யாரோ செருமினார்கள், யாரோ போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மூக்கிக்கு உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்தது. வேறெப்படிச் சொல்வது? சந்தோஷமாக இருந்தது. தட்டு, நல்லாத் தட்டு. ஒயரும் லைட்டும் என் டிபார்ட்மென்ட் என்றாயே, மிச்சத்தை நீ பார். பக்கத்தில் அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண் கலங்கி, "என்னடி ஆச்சு, பாவம்டி" என்று மூக்கியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூக்கியும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியலையே அண்ணி" என்றாள்.

மேடத்துக்கு இரக்கம் வந்துவிட்டது. அதுதான் அண்ணனுக்கு எமனாகப் போயிற்று. "பரவால்ல சார், விண்டோ வேண்டாம். நீங்க செஞ்சதுதானே, வாயால சொல்லுங்க. அந்த ரெண்டாவது சரணத்து மூச்சு. அதை விடணும்னு ஏன் தோணுச்சு, எப்படி மேல கொண்டு வந்தீங்க?"

அண்ணன் வாயைத் திறந்தான். அதைப் பாடத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை. "அது வந்து... ஃபீல்ல வந்தது மேடம்" என்றான்.

"சரி. ஃபீல்ல வந்ததை எதால செஞ்சீங்க?"

திறந்த வாய் மூடிக்கொண்டது. அந்த ஒன்றைப் பார்க்கத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள். பார்த்தாள். அண்ணனின் கண் வரிசை வரிசையாகத் தேடி வந்து அவள்மேல் நின்றது. "தங்கச்சி, கொஞ்சம் மேல வாம்மா. லேப்டாப்புல ஏதோ கோளாறு" என்றான் மைக்கில். இந்த நிலைமையிலும் லேப்டாப் ரிப்பேர் பார்க்கத்தான் கூப்பிட்டான், பார்த்தீர்களா.

எல்லாத் தலையும் திரும்பியது. "போடி, போய்ப் பாரு" என்று அண்ணி தள்ளினாள். மூக்கி உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவனும் பார்த்தான். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, மேடம் பக்கம் குனிந்து ஏதோ முணுமுணுத்தான்.

"மைக்ல சொல்லுங்க சார், பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல" என்றாள் மேடம்.

"இந்தப் பாட்டை மிக்ஸ் பண்ணது நான் இல்ல. என் தங்கச்சி" என்றான்.

மேடம் திரும்பி, "அப்போ நீங்க வாங்க" என்று மூக்கியைக் கூப்பிட்டாள். மூக்கி எழுந்தாள். மேடைப் படியில் கால் வைத்த பிறகுதான் அவளுக்குப் பொறி தட்டியது. இத்தனை நாள் திட்டம் போட்டவள் இதை மட்டும் யோசிக்கவே இல்லை. அந்த மெனுவின் அடியில் இருக்கிற வரியைத் தட்டினால் ஒரு நொடியில் எல்லாம் வந்துவிடும். ஒரு நொடியில் வரக்கூடியதை இவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள் என்று மேடத்துக்குத் தெரிந்துவிடும், அண்ணனுக்குத் தெரிந்துவிடும், இப்போதுகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிற அண்ணிக்குத் தெரிந்துவிடும். தெரியாத மாதிரி நடித்துக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருக்கலாம். அப்புறம் மிக்ஸ் செய்தவள் இவள்தான் என்று யார் நம்புவார்கள்?

அண்ணன் லேப்டாப்பை விட்டு நகர்ந்து நின்றான். அவன் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். மெனுவைத் திறந்து அடிவரியைத் தட்டினாள். எங்கெங்கோ திறந்து கிடந்தவையெல்லாம் பெரிய திரையில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டின.

தொழில் தெரிந்த மேடம் திரையைப் பார்த்தாள், லேப்டாப்பைப் பார்த்தாள், அப்புறம் மூக்கியைப் பார்த்தாள். "ரெண்டாவது ஸ்கிரீன்ல இருந்ததா?"

"ஆமா மேடம்."

"இது உங்களுக்கு முதல்லயே தெரியும்."

"தெரியும்."

மேடம் திரைப் பக்கம் திரும்பினாள். "சரி, அந்த மூச்சைக் காட்டுங்க" என்றாள். மூக்கி காட்டினாள். குவியலிலிருந்து குரல் விண்டோக்களை மட்டும் பிரித்து, ஊசி குத்தி, அந்த மூச்சை முதலில் இருந்தபடி கேட்க வைத்தாள், அப்புறம் தான் செய்ததோடு கேட்க வைத்தாள். மாணவர்கள் மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்கள். முடிந்ததும் மேடம் தன் நம்பரைக் கொடுத்து, "திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க. உங்க பேரை முழுசா எழுதி அனுப்புங்க" என்றாள்.

காரில் எப்போதும் அண்ணி பின்னால் மூக்கியோடுதான் உட்காருவாள். அன்றைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அண்ணன் சாவியைப் போட்டான், திருப்பவில்லை.

"தெரிஞ்சிருந்தும் ஒரு வார்த்தை சொல்லலையே மூக்கி. அத்தனை பேர் முன்னாடி."

"நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ணா. அத்தனை பேர் முன்னாடி."

அவன் சாவியைத் திருப்பினான். மூக்கிக்கு அந்த இடத்தில் ஒரு பொட்டு வருத்தம்கூட இல்லை. மறுபடி வாய்ப்பு வந்தால் மறுபடியும் இதையேதான் செய்வாள். வண்டி கிளம்பி மெயின் ரோட்டுக்கு வந்து, சிக்னலில் நின்றது. அண்ணி திரும்பாமல், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவருகிட்ட சொல்லாம இருந்தே, சரி. என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி. என் கையைப் பிடிச்சுக்கிட்டே தெரியலன்னியே. நான் உன் பக்கம்தானே இருந்தேன்."

மூக்கி அண்ணனுக்கென்று எத்தனையோ பதில் தயாராக வைத்திருந்தாள். இதற்கு ஒன்றும் இல்லை. பச்சை விழுந்தது, அண்ணன் வண்டியை எடுத்தான்.